குடையும் சிமெண்டு மூட்டையும்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகக் கப்பல் கட்டணம் வேண்டாம், அதோடு ஒரு குடையும் இனாம் என்று சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்த பிறகு, அதுகாறும் அந்தக் கடல்வழியில் ஏகபோகமாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கு இப்படித் திடீரென்று தர்ம சிந்தனை உதித்ததாகச் சொல்வார்கள்! நஷ்டத்தைத் தாங்கும் பண பலம் அதனிடம் இருந்தது. சுதேசிக் கம்பெனியிடம் இல்லை. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-க்குள் கம்பெனியும் கலைந்தது. முறையிடுவதற்கு அன்று ஒரு வாசற்படி கிடையாது. இருந்த சர்க்காரோ எதிராளியின் பக்கம்.

இன்று டில்லியில் அத்தகைய வாசற்படி ஒன்று இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் என்பது அதன் பெயர். 2002-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தின்படி ஏற்பட்டது. சட்டத்தின் முக்கிய விதிகள் 2009 மே மாதத்தில்தான் அமலுக்கு வந்தன. வியாபாரத்தில் ஒருவன் பெரியவனாக வளர்வதை இச்சட்டம் தடுக்கவில்லை. வளர்ந்த பலத்தைக் கொண்டு பிறன் கழுத்தை நெரிக்காதே என்றுதான் சொல்கிறது. எதிராளியை ஒழிக்கும் பொருட்டு, பலசாலியான ஸ்தாபனம் அடக்க விலைக்கும் கீழே விற்பது இன்று சட்ட விரோதம்.

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. எதிராளிகள் என்று பெயர் பூண்டவர்கள் எல்லோரும் கூடிப் பேசி விலையை ஏற்றிவிடுவது. இதில் வாங்குகிறவனுக்குக் குடைகூடக் கிடைக்காது!

சிமெண்டு விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்று கட்டட காண்டிராக்டர்களின் சங்கம் 2010-ல் ஆணையத்திடம் முறையிட்டது. திருடப் போகிறவர்கள் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்துகொண்டா போவார்கள்? ஆகவே ஆணையம் சுவடு பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. சிமெண்டு உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்டங்கள் 2011 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடந்தன. அவற்றை அடுத்து விலை ஏறியது. ஆலைகள் தம் சக்திக்குக் குறைவாகவே உற்பத்தி செய்தன. இவற்றையெல்லாம் கோத்துப் பார்த்து, 2012 ஜூனில் 11 கம்பெனிகளுக்கு மொத்தம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றுள் நம் தென்னாட்டுக் கம்பெனிகளும் இருந்தன. சுதேசி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாமா? அன்னியன் செய்தால் ஏகபோகம், நம்மவன் செய்தால் தொழில் வளர்ச்சி என்று கூறுவதை நான் ஒப்பமாட்டேன்.

ஆணையமும் பிசகாமல் இல்லை. வாதத்தைக் கேளாத தலைவர் தீர்ப்பில் கையெழுத்திட்டிருந்தார். அதைக் காட்டி, 2015 டிசம்பரில் அப்பீல் மன்றம் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இவ்வளவு பெரிய வழக்கில் இவ்வளவு சிறிய ஓட்டையா! ஆணையம் மறுபடி விசாரித்து 2016 ஆகஸ்டில் மறுபடி அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் அப்பீல் மன்றம் அதை உறுதி செய்தது. அவ்வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கம்பெனிகளின் அப்பீலை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்கைக் கட்டி வைக்கச் சொல்லி, மீதியை நிறுத்தி வைத்தது. முறையீடு செய்து எட்டு வருஷம்! கூட்டாளிகளுள் முதலில் வந்து உண்மையைக் கக்குகிறவனுக்கு அபராதம் முழுவதையும்கூடத் தள்ளிவிட இச்சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு தாமதம் இருந்தால் அப்ரூவராக யார் அவசரப்படுவார்கள்?

இன்னொன்று. வசூலாகும் அபராதம் இந்திய சர்க்காரின் கஜானாவுக்குத்தான் போகும். அதிக விலை கொடுத்து வீடு கட்டிய குடும்பஸ்தர் நஷ்ட ஈடு கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு அவர் அப்பீல் மன்றத்தில் தனியாக மனுப் போட வேண்டும். சிமெண்டு வாங்கிய ரசீதை அவர் இத்தனை வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருந்தால்!