கண்ணோரத்தில் ஒரு பனிவரகு மணி

என் சித்தி மகளுக்குக் கல்யாணம் இருபது நாளில் என்றிருந்தபோதுதான் அந்த இரண்டு வெள்ளை மணிகளும் அவளை உறுத்தத் தொடங்கின. இடது கண்ணுக்குக் கீழே, மை தீட்டும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, நொய்யரிசி அளவில் இரண்டு புள்ளிகள். ஆறேழு மாதமாக அங்கேயேதான் இருந்தன. வலி இல்லை, அரிப்பு இல்லை. முகூர்த்தத்தன்று ஒப்பனையை மீறித் தெரியுமே என்ற கவலை வந்ததும், ஒரு ராத்திரி கண்ணாடி முன் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே ஒன்றை வைத்து அழுத்தினாள். வரவில்லை. ஊக்கு முனையைத் தீக்குச்சியில் காட்டிவிட்டுக் குத்தினாள். ரத்தம்தான் வந்தது. காலையில் கீழிமை வீங்கியிருந்தது. பத்து நாளில் வீக்கம் வடிந்து, அந்த இடத்தில் மிளகளவுக்குக் கறுப்பு விழுந்தது. கல்யாணப் படங்களில் இன்றைக்கும் அந்தக் கறை தெரிகிறது.

அந்த மணிகளுக்கு மருத்துவத்தில் மிலியா என்று பெயர். ஒன்றாக இருந்தால் மிலியம். லத்தீன் மொழியில் அது ஒரு சிறுதானியத்தின் பெயர். நாம் பனிவரகு என்கிறோமே, அதன் தாவரவியல் பெயரிலும் இந்தச் சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் காலத்து வேர்க்குருவுக்கு மருத்துவர்கள் சொல்லும் மிலியேரியா என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. பெயரில் உறவு இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. வேர்க்குரு வியர்வை நாளம் அடைபட்டு வருவது, வெக்கை தணிந்தால் தானே போய்விடும். மிலியாவின் கதை வேறு.

வாய் இல்லாத மணி

நம் தோலின் மேலடுக்கு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் பிறக்கும் செல் மேலே ஏறிவந்து, காய்ந்து, செதிலாக உதிர்ந்துபோக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அந்தச் செதிலில் இருப்பது கெரட்டின் என்ற புரதம். நகமும் முடியும் ஆனது அதனால்தான். உதிர வேண்டிய கெரட்டின் சில இடங்களில் வெளியேற வழியில்லாமல் தோலுக்கு அடியிலேயே தங்கி, தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய பை கட்டிக்கொண்டு உருண்டு திரண்டுவிடுகிறது. அதுதான் மிலியம். ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவு, வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறம். விரலால் தடவிப் பார்த்தால் மணல்துகள் மாதிரிக் கெட்டியாக இருக்கும்.

பலரும் இதைப் பரு என்றோ கொழுப்புக்கட்டி என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். பருவுக்கு ஒரு வாய் உண்டு. எண்ணெய்ச் சுரப்பியின் துவாரம் அடைபட்டு, கிருமி சேர்ந்து, சிவந்து, சீழ் கட்டும். மிலியாவுக்கு வாயே கிடையாது. அதன்மேல் மூடிய தோல் முழுசாக இருக்கிறது. நகத்தால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருப்பதற்கு வெளியே வர வழி இல்லை. அழுத்தம் முழுவதும் சுற்றியுள்ள தோலைத்தான் நசுக்குகிறது. உடலிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில் இருப்பது. சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். என் தங்கை போராடியது அந்த மெல்லிய தோலோடுதான்.

மிலியா ஒட்டுவாரொட்டி இல்லை. புற்றாக மாறுவதும் இல்லை. அழுக்காலோ முகம் கழுவாததாலோ வருவதும் இல்லை. முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தையின் மூக்கில்

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூக்கிலும் கன்னத்திலும் தாடையிலும் இந்த வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். குளிப்பாட்ட வரும் பாட்டி, கசடு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டு அழுத்தித் தேய்ப்பாள். மூக்கைப் பிடித்துப் பிதுக்குகிறவர்களும் உண்டு. வேண்டாம் பாட்டி என்று மரியாதையோடு சொல்லிவிட வேண்டிய இடம் இது. சில வாரங்களில் அந்தப் புள்ளிகள் தாமாகவே மறைந்துபோகும். சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். மருந்தும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

இதே மணிகள் குழந்தையின் அண்ணத்தில் வரிசையாகத் தெரிந்தால் அவற்றுக்கு எப்ஸ்டைன் முத்துகள் என்று பெயர். ஈறு ஓரத்தில் தெரிவதைப் பார்த்துக் குழந்தை பல்லோடு பிறந்துவிட்டது என்று வீடே பயந்துபோவது உண்டு. பால் குடிப்பதால் அவை தேய்ந்து கரைந்துவிடும். மஞ்சளாகச் சீழ் கோத்த கொப்புளமாகவோ, சுற்றிலும் சிவந்தோ, காய்ச்சலோடோ வந்தால் அது மிலியா இல்லை. அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்கு வரும்போது

பெரியவர்களுக்கு வருவதில் இரண்டு வகை உண்டு. காரணம் எதுவும் தெரியாமல் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் நெற்றியிலும் தானே வருவது ஒன்று. தோல் ஒருமுறை காயப்பட்டு ஆறியபின் அதே இடத்தில் வருவது இன்னொன்று. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கொப்புளித்த இடம், தீக்காயம், உராய்ந்து தோலுரிந்த இடம், லேசர் சிகிச்சை செய்துகொண்ட முகம் என்று எதிலும் வரலாம். புண் ஆறும்போது வியர்வை நாளத்தின் துண்டோ முடிக்காலின் துண்டோ தனித்து அடைபட்டுப்போவதுதான் காரணம். புறங்கையில் வெயில் பட்ட இடங்களில் அடிக்கடி கொப்புளம் வந்து, அவை ஆறிய வடுவில் மிலியா கூட்டமாக வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. பின்னால் வேறு நோய் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பற்றி எனக்கு ஆதங்கமே உண்டு. சிவப்பழகுக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசும் களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, முடி வளர்ந்து, பரு கிளம்பி, கூடவே மிலியாவும் வரும். நிறுத்தினால் முகம் எரியும், அதனால் நிறுத்தவும் பயப்படுவார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று டியூப் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் களிம்பின் அட்டையில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பல நாள் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் டியூபையே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இதே சாயலில் வருபவை

கண்ணைச் சுற்றி வருவதெல்லாம் மிலியா இல்லை. குழந்தைக்குப் பளபளவென்று, நடுவில் தொப்புள் போலக் குழிந்த மணிகள் வந்து பரவிக்கொண்டே போனால், அது ஊரில் பாலுண்ணி என்பார்களே, அதுவாக இருக்கும். வைரஸால் வருவது, ஒரே துண்டில் துடைத்தால் அண்ணன் தம்பிக்கும் ஒட்டிக்கொள்ளும். கீழிமையில் தோலின் நிறத்திலேயே இரு பக்கமும் கொத்தாக வருவது வியர்வைச் சுரப்பியிலிருந்து கிளம்பும் சிரிங்கோமா. ஊசியால் கீறினால் அதிலிருந்து எதுவும் வராது.

கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, மஞ்சளாகத் தட்டையாகப் படர்ந்தால் அது சாந்தலாஸ்மா என்ற கொழுப்புப் படிவு. அதைப் பார்த்தால் அழகைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் ரத்தத்தில் கொலஸ்டிராலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடுத்தர வயதில் புதிதாக வந்து, மெல்ல வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசிகிற எந்தக் கட்டியையும் மிலியா என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது.

கண்ணுக்குப் பக்கத்தில் கைவைத்தியம்

மருவுக்கும் பாலுண்ணிக்கும் அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அதன் பாலை வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். சிலர் சுண்ணாம்பு வைக்கிறார்கள். கண்ணோரத்து மிலியாவுக்கும் இதையே செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். அம்மான் பச்சரிசி கள்ளிக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்துச் செடிப்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும், பார்வையே மங்கலாம். சுண்ணாம்பு காரம், அது கண்ணில் பட்டால் மேலோடு நிற்காமல் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். தவறிப்போய் எது பட்டாலும் கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரை இமை திறந்தபடி இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா ஆகியவை கண்ணைக் கெடுக்கும் அளவுக்குப் போகாவிட்டாலும் தோலை எரித்துக் கறுப்பாக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சின்ன எரிச்சல்கூட மாதக்கணக்கில் நிற்கும் கறையாகிவிடுகிறது. மணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அழகு நிலையத்தில் ஊசியால் எடுத்துவிடுகிறேன் என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்குப் போனால் ஹெபடைட்டிஸ் பி போன்ற கிருமிகளும் கூடவே போகும்.

மருத்துவர் கையில் ஒரு நிமிடம்

தொந்தரவு இல்லை என்றால் மிலியாவை அப்படியே விட்டுவிடலாம். மருத்துவரீதியாக அதில் ஒரு தவறும் இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுப்பது எளிது. என் தங்கையின் இரண்டாவது மணியை எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, தோல் மருத்துவரிடம் போனோம். பெருக்கிக் காட்டும் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, இடத்தை மருந்துநீரால் துடைத்து, உறை பிரித்த புது ஊசியின் முனையைத் தோலோடு படுக்கையாகச் சாய்த்து மணியின் உச்சியில் மட்டும் ஒரு சின்னக் கீறல். பிறகு வளையம் போன்ற ஒரு கருவியால் இரு பக்கமும் மெல்ல அழுத்தினார். பஞ்சுத் துணியில் வந்து விழுந்தது அது, வேகவைத்த ஜவ்வரிசியைச் சுருக்கினாற்போல ஒரு வெள்ளை உருண்டை. விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தேன்; கெட்டியாக இருந்தது, பிசுபிசுப்பு இல்லை. மரத்துப்போக ஊசி எதுவும் போடவில்லை. எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றாள்.

கூட்டமாக இருந்தால் மின்ஊசியாலோ லேசராலோ எடுப்பது உண்டு. திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் ஒரு முறைதான், ஆனால் நம் தோலில் அது வெள்ளைத் திட்டோ கறுப்புத் திட்டோ விட்டுச் செல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இமை விளிம்பில், மயிர் முளைக்கும் வரிசையிலேயே இருந்தால் கண் மருத்துவரிடம் போவதே சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே புறநோயாளிச் சீட்டு எடுத்தும் காட்டலாம்.

இரவில் பூசும் களிம்பு

கன்னத்திலும் நெற்றியிலும் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மருத்துவர் அடாபலீன் அல்லது டிரெட்டினாயின் களிம்பு எழுதித் தருவார். இவை வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தவை. தோல் செதில் தேங்காமல் உதிர்வதற்கு உதவுகின்றன. பலன் தெரிய வாரங்கள் அல்ல, இரண்டு மூன்று மாதம் ஆகும். முகம் முழுதுக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். வாரத்தில் இரண்டு இரவு என்று தொடங்கி, எரிச்சல் இல்லை என்றால் மெல்லக் கூட்டலாம். இமையில் பூசக் கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் இவற்றைத் தொடவே கூடாது.

கண்ணைச் சுற்றிக் கெட்டியான எண்ணெய்ப் பசைக் களிம்புகள் பூசும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். ஒப்பனையோடு படுக்கப் போகாதீர்கள்.

எடுத்த பிறகு

கீறிய இடத்தில் கடுகளவு பொருக்கு கட்டும். அதைப் பிய்க்காமல் விட்டால் சில நாளில் தானே உதிரும். முதல் நாள் மஞ்சள் பூசிக் குளிக்க வேண்டாம். மருத்துவர் தந்த களிம்பை மட்டும் மெல்லிசாகத் தடவி, வெயிலில் போகும்போது குடை பிடித்துக்கொண்டால் கறை விழாது.

என் தங்கைக்கு ஊசியால் எடுத்த இடத்துப் பொருக்கு ஐந்தாம் நாள் தலை துவட்டும்போது துண்டோடு போயிற்று. இப்போது அது எந்த இடம் என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை. ஊக்கால் குத்திய இடத்துக்கு மட்டும் இன்னும் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டிருக்கிறாள்.