பக்கத்து நாற்காலி

2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து இருபது வருடம், ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் டீம் என்றால் ஒரே தளத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். புரொடக்‌ஷனில் ஏதாவது விழுந்துவிட்டால் லீடின் நாற்காலியைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். அவர் எந்த லாகை முதலில் திறக்கிறார், எந்த வரியில் நிற்கிறார், எப்போது கிளையன்டுக்குப் போன் போடுகிறார் என்று பின்னால் நின்று பார்க்கும் ஃப்ரெஷருக்கு, மூன்று மாத டிரெயினிங் தராத பாடம் அரை மணியில் கிடைத்துவிடும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை; ஆனாலும் கற்றுக்கொண்டார்கள்.

2020 மார்ச் ஊரடங்கில் லேப்டாப்புகள் வீடு போய்ச் சேர்ந்தன. அந்த நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை பி.பி.ஓ.க்களுக்கான விதிகளைத் தளர்த்த, வீட்டிலிருந்து வேலை செய்வது அவர்களுக்கும் எளிதானது.

இப்போது பல இடங்களில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ், மற்ற நாள் வீடு. மீட்டிங் ரூமில் ஐந்து பேர், திரையில் மூன்று பேர். மேஜையில் இருக்கும் ஒற்றை மைக்கில், ஓரத்தில் இருப்பவர் பேசுவது பாதிதான் கேட்கும். திரையில் இருப்பவர் பேச வாயெடுப்பதற்குள் ரூமில் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். கால் முடிந்ததும் டீக்கடையில் ஐவரும் பேசி முடிவை மாற்றிவிடுவார்கள்; வீட்டிலிருக்கும் மூவரும் பழைய முடிவை நம்பி இரவு வரை கோடு எழுதிக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் ஆபீஸில், அல்லது எல்லாரும் வீட்டில் என்றிருந்தபோது இந்தச் சிக்கல் இல்லை. பாதிக்குப் பாதிதான் கடினம்.

அதற்காக ஐந்து நாளும் வரச் சொல்வது தீர்வாகாது. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் சுமார் 1,600 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் குறையவில்லை. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வருகிறவர்களுக்கு, அதிலும் கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு, அந்த இரண்டு நாளின் அருமை தெரியும்.

சில டீம்கள் வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஒருவர் வீட்டில் இருந்தாலும் ஆபீஸில் இருப்பவர்களும் அவரவர் லேப்டாப்பிலிருந்தே காலில் சேர்கிறார்கள். டீக்கடையில் எடுத்த முடிவானாலும் குரூப் சாட்டில் எழுதிய பிறகுதான் செல்லும்.

ஃப்ரெஷருக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. திரைக்கு அப்பால் இருக்கும் சீனியருக்கு "ஒரு டவுட்" என்று டைப் செய்து, அனுப்பலாமா என்று யோசித்து, அழித்துவிடுகிறார். பல ஆபீஸ்களில் புதியவர்கள் வரும் நாள் வேறு, சீனியர்கள் வரும் நாள் வேறு. ரோஸ்டர் போடும் மேனேஜர்கள் முதலில் இந்த இரண்டையும் ஒரே நாளாக்க வேண்டும்.