மழையை அளக்க ஒரு பாட்டில்

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அதுவரை கல்வித் தொலைக்காட்சியும், பாடநூலில் இருக்கிற க்யூஆர் கோடு வீடியோவும்தான் பல பிள்ளைகளுக்கு வகுப்பறை. என் பையன் அப்போ மூணாம் வகுப்பு. வீடியோவை முழுசா பார்ப்பான். கேட்டா ஒண்ணும் சொல்லத் தெரியாது.

தென்காசியில் சாரல் தொடங்கியதும் ஒரு வேலை கொடுத்தேன். பக்கங்கள் நேராக உள்ள பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அடியில் கொஞ்சம் தண்ணி ஊற்றிப் பூஜ்யக் கோடு போட்டு, மொட்டை மாடியில் வைத்தோம். தினமும் காலை 8.30க்கு ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதணும்; அப்புறம் கோடு வரைக்கும் கொட்டிடணும். வானிலை ஆய்வு மையமும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. 1 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணி.

இணையத்தில் அவர்கள் போடும் எண்ணோடு ஒப்பிட்டபோது பொருந்தலை. "அப்பா, நம்மளுது தப்பா?"ன்னு முகம் வாடிப்போச்சு. குற்றாலம் இங்கிருந்து அஞ்சு கிலோமீட்டர்தான். அங்கே கொட்டும்போது இங்கே தூறல்கூட இருக்காதே, இடம் மாறினா மழையும் மாறும்தானே என்றேன். அன்றைக்கு அவனே நோட்டில் மூணாவது கட்டம் ஒண்ணு போட்டான்: "ஏன் வித்தியாசம்?"

நீங்களும் செஞ்சு பாருங்க. செலவு ஒரு காலி பாட்டில்தான். போன் தினம் ரெண்டு நிமிஷம் போதும்.