குரலை எடுத்து வைத்தல்

அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2006-இல் புற்றுநோய் அறுவை சிகிச்சையால் கீழ்த்தாடையின் ஒரு பகுதியையும் பேச்சையும் இழந்தார். அதன்பின் அவர் தட்டச்சு செய்ததை, யாரோ ஒருவருடைய குரலில் கணினி வாசித்தது. ஆனால் 'சிட்டிசன் கேன்', 'காசாபிளாங்கா' டிவிடிகளில் அவர் பேசிய விளக்கவுரைகள் இருந்தன. எடின்பரோவின் செரிப்ராக் நிறுவனம் அந்தப் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, அவர் குரலையே மறுபடி கோத்துக் கொடுத்தது. 2010 மார்ச்சில் ஓப்ரா வின்ஃப்ரி நிகழ்ச்சியில் அதைக் கேட்ட மனைவி சாஸ் கண்கலங்கினார்.

ஈபர்ட்டுக்குப் பழைய பதிவுகள் கைகொடுத்தன. நம்மில் பலரிடம் கல்யாண வீடியோவில் மேளச் சத்தத்துக்கு நடுவே நாலு வார்த்தைதான் இருக்கும். அதனால்தான், பேச்சு போகும் முன்பே குரலைப் பதிந்து வைக்கும் 'குரல் வங்கி' வந்தது. ஏ.எல்.எஸ். போன்ற நோய் வந்தவர்களுக்கு இது தேவைப்படுகிறது. அந்த நோயில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. நாக்கு, தொண்டைப் பக்கம் தொடங்கினால் முதலில் குழறுவது பேச்சு. சொல்ல வந்தது மனதில் தெளிவாக இருக்கும், நாக்குதான் புரளாது.

எழுத்துக்கு ஓர் ஒலி பதிந்தால் போதாதா? கடல், தங்கம், அகம் என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே 'க', ஒலியோ மூன்று. பக்கத்து எழுத்து மாறினால் ஒலியும் மாறும். அதனால் எல்லாச் சேர்க்கையும் வருகிற வாக்கியங்களைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் டெலவேரின் நெமூர்ஸ் ஆய்வகம் உருவாக்கிய 'மாடல்டாக்கர்' முன்பு 1,600 வாக்கியங்கள் கேட்டது. சீக்கிரம் களைத்துப்போகும் நோயாளிக்கு அது பெரும்பாடு. 2023-இல் ஆப்பிள் கொண்டுவந்த 'பெர்சனல் வாய்ஸ்' வசதிக்குத் தொடக்கத்தில் 15 நிமிட வாசிப்பு போதுமானதாக இருந்தது. போன் இரவில் சார்ஜில் கிடக்கும்போது குரல் தயாரானது.

பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையின் ஜான் காஸ்டெல்லோ வளர்த்தெடுத்தது இன்னொரு வழி, 'செய்தி வங்கி'. இதில் கணினி எதையும் கோப்பதில்லை. வாயிலிருந்து வந்தது வந்தபடியே இருக்கும்: பேரனைக் கூப்பிடும் செல்லப்பெயர், 'அட போப்பா' என்ற சலிப்பு, சிரிப்பு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 'தண்ணீர் வேண்டும்' என்பதை எந்தக் குரலும் சொல்லிவிடும். அந்தச் செல்லப்பெயரைத் தாத்தாவின் இழுப்பு இல்லாமல் வேறு எந்தக் குரலில் சொன்னாலும் பேரன் திரும்பிப் பார்ப்பானா?

நோய் தெரிந்ததுமே பதிய உட்கார்ந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் இயந்திரம் குழறலையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். குரல் தெளிந்திருக்கிற காலை வேளையில், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக.