கோலுக்கு எட்டாத உயரம்

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய நிலையங்களைக் கடந்த பின் வருவது எளாவூர். புறநகர் மின்வண்டிகளில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிட, சூலூர்ப்பேட்டை வரை போகும் சில வண்டிகளை மட்டுமே நம்பியிருக்கும் இவ்வூரின் அருகே கொல்கத்தா நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னதாக அச்சாலையின்மேல் அமைந்த ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும், பக்கத்திலேயே பரந்து கிடக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் இரவு பகல் பாராமல் லாரிகளை வரவழைத்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணுள்ளவர்களுக்கே நிதானம் வேண்டியிருக்கும் இத்தகைய ஊரில், பார்வையிழந்த ஒருவர் தம் வீட்டிலிருந்து தாமே புறப்பட்டு, கடைத்தெருவில் வேண்டியதை வாங்கி, ரயிலேறி வேலைக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் சுகமாகத் திரும்பி வருவதற்கு என்னென்ன வேண்டும் என்று ஆராய்ந்து பார்ப்பது நம் எல்லோருடைய கடமை.

இக்கேள்விக்கு நம் ஜனங்கள் வழக்கமாகக் கூறும் பதில் இரக்கம் என்பதே. இரக்கம் உயர்ந்த குணந்தான். ஆனால் அது ஒருநாள் வரும், மறுநாள் வேறு காரியமாகப் போய்விடும். பார்வையற்றவர் தம் அன்றாட வாழ்க்கையை அமைத்துக்கொள்ள ஊரிடம் முதன்மையாக எதிர்பார்ப்பது, நம்பியிருக்கத்தக்க ஓர் ஒழுங்கு. நேற்றுக் காலியாக இருந்த நடைவழி இன்றும் காலியாக இருக்குமானால், எந்த மேடைக்கு எந்த வண்டி வருகிறது என்பதை ஒலிபெருக்கி தவறாமல் சொல்லுமானால், பாதிப் பாரத்தை ஊரே தாங்கிவிடுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடுடையோர் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.27 லட்சம் பேர். இவர்கள் அனைவரும் பிறவியிலேயே பார்வையின்றி வந்தவர்கள் என்றோ, எல்லோருக்கும் முழு இருள்தான் என்றோ கருதுவது பிழை. வெளிச்சமும் நிழலும் தெரிபவர் உண்டு. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரிபவர் உண்டு. நடுப்பார்வை அழிந்து ஓரப்பார்வை மட்டும் எஞ்சியவரும் உண்டு. கண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கிவிடலாம். ஆனால் கண் நீர் அழுத்த நோயும், நீரிழிவினால் விழித்திரைக்கு நேரும் சேதமும் கொண்டுபோன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. அவை நாற்பது ஐம்பது வயதில், குடும்ப பாரம் தோளில் இருக்கும் பருவத்தில் வருபவை. ஆகையால், பார்வையற்று வாழும் வித்தையைப் பள்ளிப் பருவத்தில் பயிலாமல், முதிர்ந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை பலருக்கு உண்டாகிறது.

முதியோருக்கான இக்கல்வி இந்நாட்டில் தோன்றியதற்கு ஒரு யுத்தம் காரணமாயிற்று. சிறுவர்களுக்கான முயற்சி அதற்கு வெகு காலம் முந்தியது. 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் ஒரே ஒரு பையனை வைத்துக்கொண்டு தொடங்கிய பாடம் பின்னர் பெரிய பள்ளியாக வளர்ந்ததைத் தமிழ்நாடு அறியும். ஆனால் வளர்ந்த மனிதர்களின் நிலையை அரசாங்கம் சிந்திக்க நேர்ந்தது இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களால்தான். அவர்களுக்காக 1943இல் டேராடூனில் ஏற்பட்ட விடுதிக்குத் தலைமை வகித்த சர் க்ளூத்தா மெக்கன்ஸி, நியூசிலாந்திலிருந்து வந்தவர். முதல் உலகப் போரில் தாமே பார்வையிழந்தவர். சுதந்திரத்துக்குப் பின் அவ்விடத்தில் 1950இல் பார்வையற்ற முதியோருக்கான பயிற்சி நிலையமும், அடுத்த ஆண்டு மத்திய பிரெயில் அச்சகமும் எழுந்தன. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் அமைப்பு ஏற்கப்பட்டதும் அதே 1951ஆம் ஆண்டில்தான். இன்று பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமாக விளங்கும் அந்த ஸ்தாபனத்தின் மண்டல மையம் திருவள்ளூர் மாவட்டத்துப் பூவிருந்தவல்லியில் இருக்கிறது. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் அவ்வூரிலேயே உண்டு. எளாவூரும் பூவிருந்தவல்லியும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பயிற்சிகளில் முதலாவது நடை. கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசினால் வண்டியோட்டிகள் தம்மைக் கவனிப்பார்கள் என்று 1921இல் பிரிஸ்டல் நகரத்து ஜேம்ஸ் பிக்ஸ் கண்டுகொண்டார். விபத்தொன்றில் பார்வையிழந்த புகைப்படக்காரர் அவர். ஆயினும் அந்தக் கோல் பிறருக்கு ஓர் அடையாளமாக இருந்ததேயன்றி, பிடித்தவருக்கு வழிகாட்டும் கருவியாகவில்லை. 1944ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹூவர், கோலை நெஞ்சுயரத்துக்கு நீட்டி, இலேசாக்கி, அதைப் பிடித்து நடக்கும் முறையொன்றையும் வகுத்தார். வலக்கால் முன்வரும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொடும். இடக்கால் வரும்போது வலப்பக்கம் தொடும். இவ்வாறு அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் எப்போதும் ஓர் அடி முன்னதாகச் சோதித்துவிடுகிறது. பழகியவர் கோலை மட்டும் நம்புவதில்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடம், தேநீர்க்கடையின் பாய்லர் ஓசை, எண்ணெய்ச் செக்கின் மணம், சுவர் முடிந்து சந்து திறக்கும்போது கன்னத்தில் படும் காற்று ஆகிய அனைத்தும் அவருக்குத் திசை சொல்லும் சாட்சிகள்.

இந்த வித்தைக்கு ஒரு குறையுண்டு. கோல் இடுப்புக்குக் கீழுள்ளதை மட்டுமே அறியும். ஓரமாக நிறுத்திய லாரியின் பின்பலகை நெஞ்சுயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால், கோல் அதற்கு அடியில் தடையின்றி நுழைந்துவிடும். பலகை நெற்றியிலோ மார்பிலோ மோதிய பிறகுதான் மனிதருக்குத் தெரியும். இரும்புக் கம்பிகள் பிதுங்கி நிற்கும் பார வண்டிகள் வரிசைகட்டும் ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் இது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கடைக்காரர் தலைமட்டத்தில் இறக்கிக் கட்டிய படுதாவும், மாடிப்படியின் அடிப்புறமும், தாழ்ந்த விளம்பரப் பலகையும் அதே வகையைச் சேர்ந்தவை. ஜப்பானில் 1967இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்த, செயிச்சி மியாகே உருவாக்கிய மேடுபள்ளக் கற்கள் இன்று நம் நாட்டு மெட்ரோ நிலையங்களிலும் மஞ்சள் நிறத்தில் தென்படுகின்றன; ஆனால் அக்கல்லின்மேல் ஒரு மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டால் அதைப் பதித்த செலவு முழுதும் வீண். ஊரின் ஒழுங்கு என்று மேலே நான் குறிப்பிட்டது இதைத்தான். பெரும் பணம் வேண்டியதில்லை. லாரிகள் நிற்க ஓரிடம், நடப்பவர்க்கு ஓரிடம் என்று வகுத்து, அதை ஊராட்சியும் போக்குவரத்துக் காவலரும் சிரத்தையுடன் காப்பாற்றினால் போதும்.

அடுத்தது கடைத்தெரு. ரிசர்வ் வங்கி வெளியிட்டுவரும் புதிய வரிசைத் தாள்களில் 100 ரூபாய்த் தாள் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய்த் தாள் 146, 500 ரூபாய்த் தாள் 150. அகலமோ மூன்றுக்கும் ஒன்றே. ஒன்றுக்கொன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூட்டத்தில் நின்றபடி விரலால் அளந்து காண்பது எளிதன்று. ஓரத்தில் தடவியறிவதற்காக 100இல் நான்கு சாய்கோடுகளும், 200இல் அவற்றின் நடுவே இரண்டு வட்டங்களும், 500இல் ஐந்து கோடுகளும் பொறித்திருக்கிறார்கள். கைபட்டுக் கைபட்டுத் தாள் நைந்தபின் அவை தேய்ந்துபோகின்றன. தாளைக் கைப்பேசியின்முன் காட்டினால் மதிப்பைச் சொல்லும் செயலியொன்றை 2020இல் அவ்வங்கி வெளியிட்டது. எனினும், மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கையில் வைக்கும் மளிகைக்கடைக்காரரின் நாணயம் எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. சாலை கடக்க உதவ விரும்புவோரும் ஒரு சிறு முறையை அறிந்திருத்தல் நலம். பின்னாலிருந்து வந்து கோலையோ தோளையோ பற்றி இழுப்பது, மனத்திற்குள் திசையைக் கணக்கிட்டு வந்தவரின் கணக்கைக் கலைத்துவிடும். "அண்ணா, ரோடு தாண்டணுமா? என் முழங்கையைப் பிடிச்சுக்குங்க" என்று முதலில் கேட்டு, அவர் பிடித்தபின் அரையடி முன்னே நடந்தால், படி ஏறுவதும் இறங்குவதும் நம் உடலின் அசைவாலேயே அவருக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று அவர் சொன்னால் விலகி நிற்பதும் உபகாரமே.

வீட்டுக்குள் வருவோம், இங்கேதான் பிரச்சினை ஆழமானது. பார்வை குன்றியவரின் கையிலிருந்து அரிவாள்மனையையும் தீப்பெட்டியையும் முதலில் வாங்கி வைத்துவிடுவது அன்புதான். "நீ சும்மா உட்காரு, நாங்க பார்த்துக்கறோம்" என்ற சொல்லில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த அன்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, அவர் தம் வீட்டிலேயே விருந்தாளியாகி, உண்ணும் வேளையையும் உடுத்தும் உடையையும் பிறர் தீர்மானிக்கும் நிலைக்கு வந்துசேர்கிறார். பெண்களுக்கு இது இன்னும் கடுமை. வெளியே அனுப்பப் பயம், கல்யாணம் பேசத் தயக்கம், அடுப்படியில் நம்பிக்கையின்மை என்று மூன்று கதவுகளும் ஒருங்கே சாத்தப்படுகின்றன. உண்மையில் சோறு வடிப்பதும் காய் நறுக்குவதும் தொட்டுணர்ந்தும் ஓசையாலும் மணத்தாலும் செய்யத்தக்க காரியங்களே. உப்பும் சர்க்கரையும் வெவ்வேறு வடிவப் பாத்திரத்தில், எடுத்த பொருள் எடுத்த இடத்தில் என்ற விதியை வீட்டிலுள்ள மற்றவர்கள் பின்பற்றினால் போதும். சென்னையைச் சேர்ந்த பெனோ ஸெபின், முழுமையாகப் பார்வையற்றவர்களுள் முதன்முதலாக 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். இத்தகைய உயர்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் வீட்டார் கதவைத் திறந்துவைத்தால் ஒரு பெண் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவர் வரலாறு போதிய பிரமாணம்.

சட்டம் இவ்விஷயத்தில் நம் வழக்கங்களைவிட வெகுதூரம் முன்னே சென்றிருக்கிறது. 1972இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரத்தில் எட் ராபர்ட்ஸும் அவருடைய நண்பர்களும் நிறுவிய மையம், சுயாதீன வாழ்க்கை என்பது தன் வாழ்வைப் பற்றிய தீர்மானங்களைத் தானே செய்துகொள்வது என்ற கொள்கையை உலகுக்கு அளித்தது. இளம்பிள்ளைவாதத்தால் கைகால் செயலிழந்து, மூச்சுக்கும் இயந்திரத்தை நாடியிருந்தவர் ராபர்ட்ஸ். துணையை ஏற்றுக்கொண்டே சுதந்திரமாக வாழலாம் என்பதற்கு அவரே உதாரணம். அக்கொள்கைக்கு இசைய, நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, சமூகத்தின் நடுவே வாழ்வதை ஓர் உரிமையாகவே கூறி, குறிப்பிட்ட விடுதியிலோ ஏற்பாட்டிலோதான் வாழவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, வேறு வேலைக்கு மாற்றி அதே சம்பளம் தரவேண்டும் என்பது இருபதாம் பிரிவு. ஆனால் அப்பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். பொறி பறக்கும் இரும்புப் பட்டறையில் கண்ணைப் பறிகொடுத்த தனியார் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. வழியாக ஊனத்துக்கான பணம் கிடைக்கலாம்; அவருடைய வேலை திரும்பக் கிடைக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருபதாம் பிரிவுக்கு ஈடான விதி இல்லை. ஐந்து சதவீத மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் தனியாருக்குச் சலுகை தர முப்பத்தைந்தாம் பிரிவு வழிசெய்கிறது. எண்ணிக் கட்டுதல், பிரித்து அடுக்குதல், திருகாணி பூட்டுதல் போன்ற எத்தனையோ வேலைகள் விரலின் சாமர்த்தியத்தாலேயே நடப்பவை. சிப்காட் நிர்வாகிகள் மனம் வைத்தால் இவற்றைத் தம் ஊர்க்காரர்க்கே அளிக்கலாம். அப்படி அளிக்காததனால்தான், படித்த பட்டதாரிகளும் சென்னைப் புறநகர் வண்டிகளில் பெட்டிக்குப் பெட்டி ஏறியிறங்கிப் பேனாவும் மிட்டாயும் விற்றுப் பிழைக்கும் காட்சியை நாம் கண்டுவருகிறோம். உழைப்பில் இழிவில்லை; ஆனால் ஓடும் வண்டியில் பெட்டி மாறிச் செய்யும் தொழில், அவர்கள் தாமே தேர்ந்தெடுத்த தொழிலாக இருக்கவேண்டும்.

கைப்பேசியும் கணினியும் இவர்களுடைய தனிமையைப் பெரிதும் போக்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரு இளைஞர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கிய திரைவாசிப்பான், கணினியில் தமிழையும் படித்துக்காட்டுகிறது, விலையின்றிக் கிடைக்கிறது. புத்தகங்களைப் பார்வையற்றோர்க்கேற்ற வடிவில் மாற்றப் பதிப்புரிமை தடையாகாது என்று கூறும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியாவே.

இனி, எளாவூரில் பார்வையிழந்த ஒருவர் எங்கே தொடங்குவது? அரசாங்கச் சலுகைகள் கிடைக்க வேண்டுமானால் நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் தேவை. இவற்றைப் பெற்றால் சாதாரண நகரப் பேருந்தில் துணைவரோடு இலவசப் பயணமும், முற்றிலும் பார்வையற்றவராயின் நெடுந்தூர ரயிலின் இரண்டாம் வகுப்பில் தமக்கும் துணைவருக்கும் 75 சதவீதக் கட்டணக் குறைப்பும் உண்டு. ஆனால் மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கும் பயிற்சி கிடைக்கும் பூவிருந்தவல்லிக்கும் ரயிலில் போவதென்றால் சென்னைக்குச் சென்று வேறு வண்டியோ பேருந்தோ மாறவேண்டும். நடக்கக் கற்றுக்கொள்வதற்காகவே, நடக்கத் தெரிந்தவர் மட்டும் செய்யத்தக்க ஒரு பிரயாணத்தை அவர் மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. உலக வங்கியின் உதவியோடு தமிழக அரசு தொடங்கிய உரிமைகள் திட்டத்தில், 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களை மக்களுக்கு அண்மையில் கொண்டுவரும் நோக்கம் இருப்பது நல்ல செய்தி. அத்தகைய மையமொன்றிலிருந்து ஒரு நடைப்பயிற்சியாளர் கும்மிடிப்பூண்டி வட்டத்து ஊர்களுக்கு முறைவைத்து வந்துபோக ஏற்பாடாகுமானால், பூவிருந்தவல்லித் தெருவில் பழகிய பாடத்தை எளாவூர் நெடுஞ்சாலையில் மறுபடியும் புதிதாகப் பழகவேண்டிய சிரமம் நீங்கும். அந்தப் பயிற்சியாளர், மாணவரின் வீட்டு வாசற்படியிலிருந்து ரயில் நிலையத்து மேடை வரையில் அவர் அன்றாடம் நடக்கப்போகும் அதே வழியில், லாரிகள் நிற்கும் அதே நேரத்தில், கூடவே நடந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.