சைக்கிள் ஏறினார்கள், அச்சம் இறங்கியது!

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, பனவடலிசத்திரம். வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். நடந்தும் வண்டி கட்டியும் போன காலத்தை ஊரின் பெயரே சொல்கிறது.

இப்போது பஸ் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அடுத்த தெருக் கடைக்குக்கூட வண்டியில் போகிறவர்கள் உண்டு!

"காட்டிலும் வீட்டிலும் நாள் முழுவதும் வேலை. இதற்கு மேல் உடற்பயிற்சி வேறா?" என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், கட்டாயத்துக்காக உடம்பை முறித்தால் பெரும்பாலும் களைப்புதான் மிஞ்சுகிறது. விரும்பி நடப்பதும், ஓடுவதும், விளையாடுவதும் மனதுக்குத் தெம்பு தருகின்றன.

புதுக்கோட்டைப் பெண்கள்

1991-ம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர், ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள்.

கல் உடைக்கும் பெண்கள் வந்தார்கள். நர்சுகளும், ஆசிரியைகளும், அங்கன்வாடி ஊழியர்களும் வந்தார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. பெண்கள் சட்டை செய்யவில்லை. பெண்கள் சைக்கிள் போதவில்லையா? ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

1992 மார்ச் 8, மகளிர் தினம். 1,500-க்கும் அதிகமான பெண்கள் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். ஒன்றரை ஆண்டில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள், ஊர் அறியச் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள்.

பஸ்சுக்கும், கொண்டுவிடும் அண்ணனுக்கும், கணவனுக்கும் காத்திருந்த பெண்கள் அவர்கள். தேகப்பயிற்சிக்காக அது தொடங்கவில்லை. ஆனாலும், "என்னால் முடியும்" என்ற எண்ணம் காலை மிதிக்க மிதிக்க வந்தது.

மாத்திரையும் நடையும்

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1999-ல் வெளியாயிற்று. மனச்சோர்வு நோய் கண்ட 156 பேர். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். ஒரு பிரிவினருக்கு மாத்திரை. ஒரு பிரிவினருக்கு வாரம் 3 நாள் வேக நடை அல்லது ஓட்டம். மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும்.

16 வாரம் கழித்துப் பார்த்தார்கள். மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறி இருந்தார்கள்! மாத்திரை சற்று விரைவாக வேலை செய்தது. அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாமாக யாரும் நிறுத்தக் கூடாது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால், அதை வீட்டுக்குள் மூடி வைப்பதுதான் ஆபத்து. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து மனம்விட்டுப் பேசலாம். அரசு நடத்தும் உதவி இது, கட்டணம் இல்லை.

எவ்வளவு நேரம்?

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி வீதம் 5 நாள் நடந்தால் கணக்குச் சரி. நெல்லைச் சீமை வெயிலில் பகலில் நடக்க வேண்டாம். விடியற்காலை நல்லது. லாரி ஓடும் பெரிய சாலையும் வேண்டாம். நாலு பேர் சேர்ந்து போனால் பேச்சும் ஆயிற்று, துணையும் ஆயிற்று.

நடக்கச் சலிப்பாக இருக்கிறதா? பிளஸ்-1 படிக்கும் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அது சும்மாதானே நிற்கிறது? மகளையே பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அம்மாவும் ஏறிப் பார்க்கலாம்.