திறந்த காரும் தூறல் மழையும்

மழை வந்தால் குடை விரிப்பதும் கூரை தேடுவதும் உலக வழக்கம். அவ்வாறிருக்க, கூரையை மடித்து வைத்துவிட்டு மழையினூடே கார் ஓட்டி மகிழ்வோரும் உளர் என்றால் வியப்புத் தோன்றும். இங்கிலாந்தில் இவ்வின்பத்தை நாடுவோர் பலர். இது வெறும் பித்தா, அன்றி இதற்குத் தக்க காரணம் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவர் அமரும் கார்

இங்கிலாந்தில் திறந்த விளையாட்டுக் கார்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆபிங்டன் நகரில் 1929 முதல் 1980 வரை எம்.ஜி. கார்கள் செய்யப்பட்டன. மால்வர்ன் நகரில் மார்கன் கார்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உருவாகி வருகின்றன. பழைய கார்களில் கூரை என்பது கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டும் கித்தான் துணியே. பக்கங்களில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இராது. தனியே எடுத்துப் பொருத்தும் தட்டிகளே இருந்தன. சிறு தூறலுக்காக வண்டியை நிறுத்திக் கூரை கட்டத் தொடங்கினால், கட்டி முடிப்பதற்குள் நனைந்து போவர். நிற்பதைவிட ஓட்டிச் செல்வதே மேல் என்பதை ஓட்டுநர்கள் பட்டறிவால் கண்டனர்.

1989-ஆம் ஆண்டு ஜப்பானிய மாஸ்டா நிறுவனம், அப்பழைய ஆங்கிலக் கார்களை முன்மாதிரியாகக் கொண்டு எம்.எக்ஸ்.-5 என்னும் காரை வெளியிட்டது. 2016-இல் அதன் உற்பத்தி பத்து இலட்சத்தை எட்டியது. இதன் கூரையைச் சில நொடிகளில் மூடிவிடலாம். எனினும் தூறலில் திறந்தே ஓட்டும் பழக்கம் மறையவில்லை.

மழை ஏன் மேலே விழுவதில்லை?

இதற்கு விடை, நாம் பள்ளியில் கற்பிக்கும் சார்பு வேகத்தில் உள்ளது. நிற்கும் காரில் மழைத்துளி நேரே தலைமேல் விழும். ஓடும் காரில் அமர்ந்திருப்பவருக்கோ, துளி முன்புறமிருந்து சாய்ந்து வருவதாகவே அமையும். வேகம் மிகமிகச் சாய்வும் மிகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி நொடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு ஓட்டுநரின் தலைக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், உச்சந்தலையைவிடச் சற்று உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கார் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடினால், விளிம்பைக் கடந்த துளி தலையை அடைவதற்குள் 39 சென்டிமீட்டர் கீழிறங்கும், முகமெல்லாம் நனையும். வேகம் 90 கிலோமீட்டர் ஆனால், அதே துளி ஏறக்குறைய 16 சென்டிமீட்டரே இறங்கும். அதுவும் காற்றின் துணையைக் கருதாத கணக்கு. கண்ணாடியில் மோதும் காற்று மேல்நோக்கி எழும்பித் துளிகளையும் தூக்கிக்கொண்டு தலைக்குமேல் செல்லும். கண்ணுக்குத் தெரியாத அக்காற்றே ஓட்டுநருக்குக் கூரையாகிறது.

வண்டி நின்றதும் இக்கூரை மறைந்துவிடும். ஆகவே, விளக்குச் சந்திகள் மிகுந்த நகரம் இதற்கு ஏற்றதன்று. தடையில்லாத நாட்டுப்புறச் சாலையே ஏற்றது.

நாட்டுக்கு நாடு மழை

‘நம் நாட்டில் பெய்யாத மழையா? இங்கு ஏன் இவ்வழக்கம் வேரூன்றவில்லை?’ என்ற ஐயம் எழலாம். மழைகள் எல்லாம் ஒன்றல்ல. இங்கிலாந்தில் அடிக்கடி பெய்வது மென்தூறல். அரை மில்லிமீட்டர்த் துளி நொடிக்கு 2 மீட்டரே இறங்கும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்திலேயே அது தலையருகில் 8 சென்டிமீட்டர்தான் தாழும். காற்றும் அதனை எளிதில் தூக்கிச் செல்லும். நம் பிற்பகல் இடிமழையிலோ 5 மில்லிமீட்டர்த் துளிகளும் உண்டு. அவை நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இறங்குவன, எடை மிகுந்தவை, காற்றுக்கு எளிதில் வளையாதவை. அத்தகைய மழையில் கூரையை மூடுவதே அறிவுடைமை.

இன்பம் எது?

மூடிய காருக்குள் இருப்பவர் மழையைக் கண்ணாடி வழியே காண்கிறார். அக்கண்ணாடியிலும் மூச்சின் ஆவி படிகிறது. திறந்த காரில் இருப்பவரோ மழைக்குள்ளேயே இருக்கிறார். ஈரச் சாலையில் டயர் எழுப்பும் சீற்றொலி, முகத்தில் குளிர்காற்று, காலடியில் சூடேற்றியின் இளவெப்பம் ஆகியவை ஒருங்கே கிட்டுகின்றன. மண்வாசனையும் தடையின்றி வருகிறது. வறண்ட நிலத்தில் மழை பட்டதும் எழும் இம்மணத்துக்கு 1964-இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் பேர், தாமஸ் இருவரும் ‘பெட்ரிகோர்’ எனப் பெயரிட்டனர். மண்வாசனை என்னும் சொல்லை உடைய நமக்கு அதன் இனிமையை விளக்க வேண்டியதில்லை.

ஈரச் சாலையின் இலக்கணம்

இங்கே ஒரு முரண்பாட்டைக் கருத வேண்டும். நனையாமலிருக்க வேகம் வேண்டும். உயிரோடிருக்க நிதானம் வேண்டும். பிரிட்டிஷ் சாலை விதிநூலின்படி, மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் கார் உலர்ந்த சாலையில் நிற்க 73 மீட்டர் தேவை. ஈரச் சாலையில் அது இரு மடங்கேனும் ஆகும். முன்செல்லும் வண்டிக்குப் பின்னால் இரண்டு நொடி இடைவெளி போதும் என்பது மழையில் நான்கு நொடியாகிறது. டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றுகின்றன. அவை தேய்ந்திருந்தால் டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கும்; அப்போது சுக்கானும் பிரேக்கும் பயன்படா. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

1926-இல் பெர்லின் ஆவுஸ் பாதையில் நடந்த ஜெர்மானியப் பெரும்பந்தயம் இவ்வுண்மைக்குச் சான்று. கொட்டும் மழையில் திறந்த காரோட்டி வென்ற ருடால்ஃப் கராச்சியோலா, பின்னாளில் ‘மழை வல்லுநர்’ எனப் புகழ்பெற்றார். அதே பந்தயத்தில் மற்றொரு கார் கட்டுமீறி, நேரம் குறிப்போர் இருந்த சிற்றறையில் மோதியதால் மூவர் உயிரிழந்தனர். மழை ஒன்றே, விளைவுகள் இரண்டு.

ஆதலின், சாலை இடந்தரும் வேகத்தில் நனையாது செல்ல இயலுமாயின் கூரையைத் திறந்து மகிழலாம். இயலாதெனின் நனைவதற்கு உடன்பட வேண்டும். அல்லது கூரையை மூட வேண்டும். உலர்ந்த சட்டைக்காக வேகத்தைக் கூட்டுவது மட்டும் கூடவே கூடாது. மழையில் கார் ஓட்டும் கலையின் முதல் விதியும் முடிந்த விதியும் இதுவே. சார்பு வேகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைக் கரும்பலகையில் போடும்போது, இவ்விதியையும் அதன் கீழே எழுதிவைத்தல் நன்று.